மேலேயே சேமிச்ச படம்

இல்ல தம்பி, வானத்தை மாத்தறதெல்லாம் எனக்கு வேண்டாம். மழைல எடுத்த படத்துல வெயிலடிக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு அதை வித்துக்குங்க. உள்ள வந்ததும் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: படத்துல அழிச்சதைத் திருப்பிக் கொண்டுவர்ற சாஃப்ட்வேர் இருக்கா? நீங்க பத்து நிமிஷமா அழிக்கறதுக்கு எத்தனை வழி இருக்குன்னு சொல்லிட்டிருக்கீங்க.

சரி, இதுல என்ன விசேஷம்? ஓஹோ, முகத்தை அதுவே கண்டுபிடிச்சு அதுவே சரி பண்ணிடுமா. எதை வெச்சு சரின்னு முடிவு பண்ணுது? பாருங்க, உங்களுக்கே தெரியல. தெரியாத விஷயத்தை எவ்வளவு தைரியமா விக்கறீங்க. நான் காலேஜ்ல பாடம் நடத்தறவ. இப்படிப் பதில் எழுதினா முட்டைதான் போடுவேன்.

அந்தக் கண்ணாடியில ஒட்டியிருக்கற விளம்பரத்தையும் பார்த்தேன். முன்னே, பின்னே. முன்னே ஒரு கறுப்புப் பொண்ணு. பின்னே அதே பொண்ணு, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி. ஏதோ நோய்ல கிடந்து தேறினவளைக் காட்டற மாதிரி போட்டிருக்கான். வெளுத்ததெல்லாம் பால்னு நம்பற பயல், வேறெப்படிப் போடுவான்?

எனக்கு எதுக்கு இவ்வளவு கோபம்னு பார்க்காதீங்க. எங்க வீட்லயும் ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசமா வந்தது. என் தங்கச்சி ஒரு ஹோட்டல் வரவேற்பு வேலைக்கு மனு போட்டா. படம் அனுப்பணும்னாங்க. அவ நல்ல கறுப்பு. இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு, சின்ன வயசுல கதவுல மோதிக்கிட்டது. மூணே மூணு தட்டு. தழும்பும் போச்சு, நிறமும் போச்சு. நேர்ல போனப்ப அந்த மேனேஜர் படத்தையும் அவளையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, இது யாரும்மான்னு கேட்டானாம். சாயந்திரம் வந்து அவ அதே கேள்வியை எங்களைக் கேட்டா.

மூலப்படமா? இப்பதான் உருப்படியா ஒண்ணு கேட்டீங்க. இல்ல. சேமிக்கட்டுமான்னு அது கேட்டுது, ஆமான்னு தட்டியாச்சு. பழசுமேலேயே போய் உக்காந்துடுச்சு. வேற நல்ல படமும் கிடையாது. இவளை எடுத்தா இருட்டுதான் விழும்னு அப்பா சிரிப்பார். அதைக் கேட்டுக் கேட்டு, கேமராவைக் கண்டாலே நகர்ந்துடுவா.

இன்னிக்கே வேணும். அவ வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாளாச்சு. காணவில்லைன்னு ஊரெல்லாம் ஒட்டினோம், இந்தப் படத்தைப் போட்டு. காலைல ஒருத்தர் போன் பண்ணினார். பஸ் நிலையத்துல, நாங்க நோட்டீஸ்ல எழுதியிருந்த மாதிரியே பச்சைப் பையோட, ஒரு பொண்ணு ரெண்டு நாளா தனியா உக்காந்திருந்துதாம். போய் விசாரிக்கலாம்னுதான் எழுந்தாராம். கிட்ட போனா கறுப்பா இருந்துது, புருவத்துமேல தழும்பு வேற, உங்க தங்கச்சியா இருக்காதும்மான்னு திரும்பிட்டாராம். நாங்க ஓடிப்போய்ப் பார்த்தப்ப பெஞ்சுதான் இருந்துது.

விலையெல்லாம் அப்புறம் சொல்லுங்க. முதல்ல நிறத்தைத் திருப்பிப் போடறது எதுன்னு காட்டுங்க. அன்னிக்கு ஆமான்னு தட்டினது நான்தான் தம்பி. மௌஸை நீங்களே பிடிங்க, தழும்பு எங்க வரணும்னு நான் சொல்றேன்.