காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம்

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று எங்கள் லேபில் எல்லாரும் சொல்வார்கள். அதனால்தான் ரெஜிஸ்டர் எழுதுகிற வேலை பதினெட்டு வருஷமாக என் தலையில் விழுந்து கிடக்கிறது. உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பச்சை அட்டை போட்டதுதான் இன்ஸ்பெக்டர் மேடம். போன மாதம் பதினோராம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் பாதி உண்மை, பாதி பொய். எது எது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். என்னை யாரும் பிடித்து இழுத்து வரவில்லை.

என் பெயர் பொற்கொடி. சோமனூர்ப் பக்கம். கோயமுத்தூரில் கால்நடை நோய்களைப் பரிசோதிக்கிற லேபில் டெக்னீஷியன். செத்த ஆடு மாடுகளின் ரத்தம், ஈரல், வயிற்றிலிருந்து எடுத்த தீனி எல்லாம் பாட்டிலில் அடைத்து எங்களிடம் வரும். நோயா, விஷமா என்று பார்த்துச் சொல்வோம். நாற்றம் பிடித்த வேலைதான், பழகிவிட்டது. எவனாவது பூச்சிமருந்து வைத்து மாட்டைக் கொன்றிருந்தால் அதைக் கண்டுபிடித்து எழுதுகிற அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும். வாயில்லாத ஜீவனுக்காக யாராவது கேட்க வேண்டாமா?

என் அப்பா மாசாணமும் இதே துறைதான். எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர். செத்த மாட்டை அறுத்துப் பார்ப்பது டாக்டர் என்றுதானே நீங்கள் நினைத்திருப்பீர்கள். டாக்டர் அறுக்க மாட்டார் மேடம். அவர் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு, பத்தடி தள்ளி மர நிழலில் நோட்டோடு நிற்பார். கத்தி உதவியாளர் கையில் இருக்கும். நெஞ்சைத் திற, ஈரலைத் திருப்பு என்று அங்கிருந்தே சொல்வார். உதவியாளர் பார்த்துச் சொன்னதை எழுதி, கீழே 'நான் பரிசோதித்தேன்' என்று கையெழுத்துப் போடுவார். சட்டத்தில் இப்படி எங்கேயும் இல்லை. ஆனால் நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இதுதான் வழக்கம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பான விதி உண்டு. நன்றாக நின்ற மாடு திடுதிப்பென்று செத்து, மூக்கில் கறுப்பு ரத்தம் உறையாமல் வழிந்தால் அதை அறுக்கவே கூடாது. அடைப்பான் நோயாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அடைப்பான்தான் என்றால் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். அறுத்தால் அந்த நோய் அறுத்தவன் உடம்பில் ஏறிக்கொள்ளும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய தோட்டத்தில் காங்கேயம் காளை ஒன்று அப்படித்தான் செத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் மருந்து வைத்துவிட்டான் என்று தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடிக்குச் சந்தேகம். உடனே அறுத்துப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நின்றார். டாக்டர் லட்சுமணசாமி என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். இன்னொரு உதவியாளர் பிரான்சிஸ் அண்ணனும் கூடப் போனார். அங்கே நடந்ததை அவர்தான் பிற்பாடு எங்களிடம் சொல்லி அழுதார்.

"அய்யா, மூக்குல ரத்தம் வழியுதுங்க. ஒரு ஸ்லைடு போட்டுப் பாத்துப்போட்டு அறுக்கலாமுங்களா?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"மைக்ரோஸ்கோப்பு ஆஸ்பத்திரில கெடக்குது. போயிட்டு வாரதுக்குள்ள பொழுது போயிரும். பண்ணாடி காத்துக்கிட்டு நிக்கிறாரு. நீ டாக்டரா, நான் டாக்டரா? அறு மாசாணா."

அப்பா அறுத்தார். மூன்றாம் நாள் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் வந்தது. அதன் நடுவில் கரிக்கட்டை போலக் கறுத்தது. ஆறாம் நாள் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. காளை பூச்சிமருந்தால் செத்தது என்று லட்சுமணசாமி எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரிடம், என் அம்மா மாரியாத்தாள் நிற்கும்போதே, வாய் கூசாமல் சொன்னார்: "மாசாணம் மொடாக் குடிங்க. ஈரல் அழுகிப்போயிருக்கும்." என் அப்பா கள்ளைக்கூடத் தொட்டதில்லை. அவர்களும் அதையே எழுதிவிட்டார்கள். செத்தவன் எதனால் செத்தான் என்பதைக்கூட எங்களுக்கு விட்டுவைக்கவில்லை மேடம். 

அப்பா செத்ததால் வாரிசு அடிப்படையில் எனக்கு இந்த லேப் வேலை கிடைத்தது. சிபாரிசுக் கடிதத்தில் லட்சுமணசாமி கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கப்புறம் எந்த மீட்டிங்கில் பார்த்தாலும், நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார்: "ஏனம்மணி, உன்னைய வேலைல சேத்துவுட்டதே நாந்தான். நெனப்பிருக்குதா?"

"இருக்குதுங்கய்யா" என்பேன்.

அவர் ரிட்டயராகி, சூலூருக்குப் பக்கத்தில் நாற்பது கறவை மாடுகளோடு பண்ணை வைத்தார். பதினோராம் தேதி காலையில் அவருடைய டிரைவர் ஆசிப் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ஸ்லைடு. கூடவே ஒரு சீட்டு. விடியற்காலையில் ஒரு பசு திடீரென்று செத்துவிட்டது, மூக்கில் ரத்தம் இருக்கிறது, காதிலிருந்து எடுத்து அனுப்புகிறேன், அடைப்பான் இல்லையென்றால் அறுத்து வயிற்றுத் தீனியை அனுப்புகிறேன், இளஞ்சோளப் பயிரைத் தின்று விஷம் ஏறியிருக்குமோ என்று சந்தேகம், பார்த்து ஃபோன் பண்ணு. அப்படி எழுதியிருந்தார்.

அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தேன். இந்தத் தடவை அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும் என்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? என் அப்பாவின் பிணம் சொல்லிக் கொடுத்தது. அப்படியானால் அப்பா எதனால் செத்தார் என்று இவருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் குடிகாரன் என்று சொன்னார். ஒரு பசுவுக்குக் காட்டுகிற அக்கறையை என் அப்பாவுக்குக் காட்டியிருந்தால் அவருக்கு ஒரு மணி நேரம் செலவாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்லைடுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். நுனி வெட்டிவிட்டது போன்ற நீலக் குச்சிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக ஒரு உறை. அடைப்பான். சந்தேகமே இல்லை. எங்கள் மேலதிகாரி டாக்டர் சண்முகப்ரியா அன்று லேபில் இல்லை. வால்பாறையில் எஸ்டேட் லைன்களில் ஆடுகள் சாகின்றன என்று நான்கு நாள் முகாம் போயிருந்தார். அங்கே சிக்னலும் சரியாகக் கிடைக்காது.

பன்னிரண்டு நாற்பதுக்கு லட்சுமணசாமியைக் கூப்பிட்டேன். "அய்யா, ஸ்லைடுல ஒண்ணுமில்லீங்க. தாராளமா அறுத்துப் பாருங்க" என்றேன். ஃபோனை வைத்துவிட்டு ரெஜிஸ்டரில் எழுதினேன்: அடைப்பான் உறுதி. சடலத்தை அறுக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என உரிமையாளருக்குப் பகல் 12.40க்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது.

உறுதி என்பது உண்மை. தெரிவிக்கப்பட்டது என்பது பொய். இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் செத்தால் மாலை போட்டு, கட்அவுட் வைத்து, நல்ல மனுஷன் என்று பேசிவிட்டுப் போவார்கள். எனக்கு அது வேண்டாம். அடைப்பான் என்று தெரிந்தும் மாட்டை அறுக்க வைத்தவர் என்று அவர் பெயர் காகிதத்தில் ஏற வேண்டும். நிஜமாகச் செய்த அன்றைக்கு அவருக்கு எதிராக ஒரு வரி எழுத ஆளில்லை. அதனால் செய்யாத அன்றைக்கு நான் எழுதினேன். இதில் என்ன அநியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. யார் அறுக்கப் போகிறார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அறுத்தவர் பிரான்சிஸ் அண்ணன். சூலூர்ப் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு அவர் மாற்றலாகி ஐந்து வருஷம். லட்சுமணசாமி வழக்கம்போலத் தள்ளி நின்றிருக்கிறார். மூன்றாம் நாள், வியாழக்கிழமை, அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து, கையில் கொப்புளம் போட்டது. பூச்சிக்கடி என்று ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவர் வீட்டம்மா எனக்கு ஃபோன் பண்ணி, "ஏனம்மணி, மாத்திரை போட்டும் காச்ச எறங்கலீங்க, வேற எங்காச்சும் காட்டட்டுங்களா?" என்று கேட்டார். "ரெண்டு நாளு பாருங்க, சரியாப் போயிரும்" என்றேன். அந்த நேரத்தில் சரியான ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார். எனக்கு அது தெரியும். என் அப்பாவுக்கும் அப்படி ஒரு ஊசியை யாரும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சண்முகப்ரியா மேடம் திரும்பி வந்து ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, அடைப்பான் வந்தும் தனக்கு ஒரு தகவல் இல்லையா என்று தலையில் அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பிரான்சிஸ் அண்ணன் போய்விட்டார். அவர் ரத்தத்திலும் அடைப்பான் இருந்தது தெரிந்ததும், லட்சுமணசாமியை நீங்கள் செவ்வாய்க்கிழமை கைது செய்தீர்கள். ஒண்ணுமில்லை என்றுதான் லேபிலிருந்து சொன்னார்கள் என்று அவர் கத்தினாராம். ரெஜிஸ்டர் இருக்கும்போது அவர் பேச்சை யார் கேட்பார்கள்? பேப்பரில் அவர் போட்டோ வந்தது. அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி, அப்பா பக்கத்தில் மாட்டியிருக்கிற அம்மா போட்டோவுக்கு விளக்கேற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் பிரான்சிஸ் அண்ணனின் மூத்த மகள் லேபுக்கு வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்திதான்க்கா உண்மைய எழுதுனீங்க. எங்கப்பனுக்கு நாயம் கெடச்சா அது உங்களாலதானுங்க்கா" என்றாள். அவளுக்குக் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்காக நான் இங்கே வரவில்லை மேடம். அதைத் தாங்கிக்கொண்டேன்.

நேற்று லட்சுமணசாமியின் வீட்டம்மா செல்லாத்தாள் வந்தார். சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று தயாராக நின்றேன். அவர் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரு உன்மேல கோவமே படலீங் கண்ணு. 'பாவம், அந்தப் புள்ள வாய் தவறிச் சொல்லிப்போட்டிருக்கும், பயந்துக்கிட்டு மாத்தி எழுதியிருக்கும், அவளத் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு சொல்றாரு. உங்கப்பன் குடிச்சே செத்துப்போனாராமா. அந்தப் பரிதாபத்துலதான உன்னைய வேலைல சேத்துவுட்டாரு."

இன்னமும் குடித்தே செத்தார். ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு என்னை மன்னிக்கிறார் மேடம். எதற்காக உள்ளே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. என் அப்பாவுக்காக என்று தெரியாவிட்டால் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்? அதனால்தான் வந்தேன். நான் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து, அவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். மாசாணம் என்ற பெயர் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள்.

நீங்கள் பிரான்சிஸ் அண்ணனைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். யார் அறுக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை என்றது உண்மைதான். கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. டாக்டர் அறுக்க மாட்டார் என்று உங்களுக்குச் சொன்னவளே நான்தான். ஒரு ஆள் சாகாமல் அவர்மேல் கேஸ் விழாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன். அது யார் என்பதும் அந்த ஃபோனிலேயே தெரிந்துவிட்டது. லட்சுமணசாமி ஃபோனை அவரிடம் கொடுத்தார்.

"அம்மணி, நான் பிரான்சிஸ் பேசறேன். மூக்குல ரத்தம் வந்திருக்குது, எனக்குப் பக்குங்குது. டாக்டரு சொன்னா நான் நம்ப மாட்டேன். மாசாணண்ணன் புள்ள நீ சொல்லு. நல்லாப் பாத்தியா? அறுக்கலாமா?"

"நல்லாப் பாத்துட்டனுங்கண்ணா" என்றேன். "அறுங்க. கையுறைகூடத் தேவையில்லீங்க."