அண்ணன் கண்ணாடி பிடித்த சாயங்காலம்

— கண்ணாடிய ஆட்டாத, அண்ணாத்த. கத்தி கழுத்துல எறங்கிச்சின்னா இன்னிக்கி கொட்டாயில பாட்டு கெடையாது, கருமாதிதான்.

— நா எங்கடா ஆட்டறேன்? காத்து அடிக்கிது. மாவலிபுரத்துல கடலுக்கு மூஞ்சி காட்டிகினு கொட்டா போட்டா வேற இன்னா அடிக்கும்? நா சொல்றத கேளு, துரை…

— துரை இல்ல, செங்கம்மா. வாசல்ல துணியில எழுதிக்கீதே, பாக்கல? ‘அச்சரப்பாக்கம் செங்கம்மாள், தானே கட்டிய பாடல்களைப் பாடுவாள்.’

— பாத்தேன். ஊர் பேர ஏன்டா இழுத்த? பஸ்ல ஒருத்தன் கேக்கறான், ‘அச்சரப்பாக்கமா? செங்கம்மாளத் தெரியுமா?’ன்னு. கூடப் பொறந்த அண்ணனாண்ட!

— நீ இன்னா சொன்ன?

— தூங்கிட்டேன்.

— ஐயே! கேட்ட ஒடனேவா?

— ஒடனேதான். செங்கல்பட்டு வந்தும் அவன் எறங்கல. நானும் கண்ண தொறக்கல. அப்பிடியே எறங்கி ஒரு கருவாட்டுக் கூடைல கால வெச்சிட்டேன்.

— அதான் நாறுதா? நா கடல்னு நெனச்சேன். தாடைக்கு நேரா காட்டு.

— பொம்பளன்ற. தெனம் மூஞ்ச வழிக்கிற.

— நம்ம பெரியம்மாக்கு மீச இல்ல? எலெக்சன்ல அவள ஆம்பள வரிசையிலயா நிக்க வெச்சாங்க?

— நா சொல்றத கேளுடா. கூத்துல திரௌபதி கட்டினியே, அப்ப ஊரே உன்ன கும்புட்டுது. நானே கும்புட்டேன். பொழுது விடிஞ்சா எல்லாரும் மூஞ்ச கழுவிகினு வேட்டி கட்டிகினாங்க. நீ மட்டும் அந்தச் சேலையோட வூட்டுக்கு வந்து குந்திகினு ‘கஞ்சி ஊத்து’ன்ன.

— பசிச்சிது. ராத்திரி பூரா துச்சாதனன் உருவுனா உனக்கும் பசிக்கும்.

— நைனா வெளக்கமாத்த எடுத்தாரு.

— எடுத்தாரா! ஈர்க்கு ஈர்க்கா பிய்யற வரைக்கும் போட்டாரு. அது மேலதான் மொதப் பாட்டு கட்டினேன். ‘பெருக்கித் தள்ளு, பெருக்கித் தள்ளு, வாசலுக்கே திரும்பி வரேன்; குப்பையின்னு நீ சொன்னா, காத்தடிச்சா வூடு வரேன்.’

— பாடாத. வெளில கேக்கும்.

— கேக்கத்தான் டிக்கெட்டு. மெட்ராஸ்ல கிராமபோன் பிளேட்டு போடறவன் மொதல்ல பாட வுட்டுட்டு, ‘கொரலு பொம்பளையாவும் இல்ல, ஆம்பளையாவும் இல்ல, எப்பிடி விக்கறது?’ன்னான். ‘சுத்த வுட்டுப் பாரு, வாங்கறவன் சொல்லுவான்’னேன். இப்ப ரெண்டாவது பிளேட்டும் வந்தாச்சி.

— தெரியும். நாத்து நடற பொம்பளைங்க அத்தத்தான் பாடறாளுங்க. நைனா வரப்புல நின்னுகினு கத்துவாரு. அவரு கத்தறது தாளத்துக்கு சரியா வுழுது, அவளுங்களுக்கு இன்னும் குஷி.

— நல்ல மனுசன். சரி, பஸ் ஏறி, கருவாட்ட மிதிச்சிகினு எதுக்கு வந்த?

— எனக்கு கல்யாணம்.

— எவ மாட்டினா?

— படூர் பொண்ணு. சரோஜா.

— கண்ணு தெரியும் இல்ல அவளுக்கு?

— தெரியும்டா! நேர்ல பாத்துதான் சரின்னா.

— அண்ணாத்த… உன் கல்யாணத்துக்குன்னு ரெண்டு வருசமா ஒரு பாட்டு கட்டி வெச்சிகீறேன். உன் வழுக்க தல, உன் கொறட்ட, எருமைக்கு நீ சொல்ற கத, எல்லாம் அதுல வரும். பந்தல்ல பொண்ணு பக்கத்துல குந்திகினு நா பாடணும்.

— அதுக்குத்தான் நைனா சேதி சொல்லி அனுப்பிகீறாரு. இந்தா, இந்தப் பையில பாரு.

— இன்னா இது? சட்ட?

— புதுசு. வேட்டியும் கீது. தலமயிர வெட்டிகினு, இத்த மாட்டிகினு வந்தா பந்தல்ல ஒரு ஓரமா குந்தட்டும்னாரு. தம்பின்னு சொல்லிக்கலாமாம். எவனாச்சும் கேட்டா, பம்பாய்ல மில்லு வேலையாம்.

— காலர் நல்லா கீது.

— நா எடுத்ததுதான்.

— அண்ணாத்த, நா வரேன்னு உனக்கு ஆசையா கீதா?

— நைனா சேதி இதுதான். போட்டுக்கிறியா, இல்லியா?

— ஒரு நாளைக்கிதான? சாப்பாடு, பாயசம் எல்லாம் உண்டு. உன்னப் பாத்து சிரிக்கலாம்.

— ஆமா.

— முடியாது. இத்த மாட்டினா தொண்டையில இருந்து ஒண்ணும் வராது. கூத்துக்கு முந்தி பதினாறு வருசம் மாட்டிகினு இருந்தேனே, அப்ப எப்பனா பாடினேனா? செவுத்தாண்ட ஊமையாட்டம் நின்னுகினு இருந்தேன். உனக்கே தெரியும். பாட்ட நீ எடுத்துகினு போ. நடவுப் பொம்பளைங்களுக்கு சொல்லிக்குடு, அவளுங்க நல்லாவே பாடுவாளுங்க. உன் பொண்டாட்டிய ஒரு நாள் இங்க கூட்டிகினு வா. மொத வரிசையில குந்த வெக்கிறேன்.

— அப்ப சட்ட வேணாம்?

— நீ போட்டுக்க. உன் தொப்பைக்குத்தான் பத்தாது.

— வேணாம்னு முடிவா சொல்லு.

— வேணாம், வேணாம், வேணாம். போதுமா? கண்ணாடிய தூக்கு. இன்னும் ஒரு பக்கம் கீது. மூஞ்சில மாவு பூசணும், பொட்டு வெக்கணும், அங்க பெட்டிக்காரன் ஏற்கெனவே சுருதி புடிச்சிகினு கீறான். ஏன் நிக்கற? சேதி சொல்லியாச்சி இல்ல?

— நைனா சேதி சொல்லியாச்சி. என் சேதி இன்னும் சொல்லல. நீ சட்டய வாங்கி இருந்தா சொல்லி இருக்கவே மாட்டேன்.

— சொல்லித் தொல.

— படூர்ல கேட்டாங்க, தாலில நா ஒரு முடிச்சி போட்டப்புறம் மீதி ரெண்டு முடிச்சி போட நாத்தனா கீறாளான்னு. கீறா, கடக்கரையில பாடிகினு கீறா, நானே போயி கூட்டிகினு வரேன்னுட்டேன். அந்தப் பக்கத்தயும் நல்லா வழிச்சிக்க, செங்கம்மா.