நம்ம கில்சொப்

இல்ல தம்பி, எனக்கு இத முதல்ல சொன்னதே கில்சொப் அம்மாதான். போன குளிர் தொடங்குறப்ப, சர்ச்சு சமையல்கட்டுல கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோசு அலசிட்டு இருந்தோம். கைய உதறிட்டு என் காதுகிட்ட வந்து, கில்சொப் போன் பண்ணினான்னா. கையில இருந்த கோச அப்படியே தண்ணியில போட்டுட்டேன். பின்ன? லாரி கவுந்து அவன் போய் ரெண்டு வருஷமாச்சு. சாவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் சூப் ஊத்திக் குடுத்தவ நானு.

நல்லா உக்காருங்க, தரைக்கு அடியில சூடு போட்டிருக்கேன், குளிராது. ஆரஞ்சு எடுத்துக்கோங்க.

வெளிநாட்டுல மாட்டிக்கிட்டேன், பழைய போன் உடஞ்சு போச்சு, பணத்தக் காயினா, அதான் உங்க கம்பெனி விக்கிற கம்ப்யூட்டர் காசா, அனுப்புன்னானாம். இவ அனுப்பப் போயிருக்கா, உங்க கம்பெனி மெஷின் மறிச்சிடுச்சு. போய்ச் சேர்ற கணக்கு யாரோடதுன்னு அது கேட்டதுக்கு, நம்ம கில்சொப்னு அடிச்சிருக்கா. நாம அப்படித்தான சொல்லுவோம், என் பிள்ளைன்னு யாரு சொல்றா? பாவம் அந்த மெஷின், வம்சப் பேருதான முதல்ல வரும்னு நம்மங்கிறத வம்சப் பேரா நெனச்சுத் தேடித் தேடிப் பாத்துட்டு, சிவப்பு காட்டிடுச்சு. நீங்களும் சிரிக்கிறீங்க பாருங்க. நாங்களும் அன்னிக்குச் சிரிச்சோம்.

அப்புறம் உங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தி போன் போட்டுக் கேட்டாளாம். யாரும்மா அனுப்பச் சொன்னா? என் மகன். குரல் அவனோடதுதானா? அவனோடதுதான். இதுல இவ பொய்னு எதச் சொன்னா? அந்தப் பொண்ணும் விட்டுட்டா. அடுத்தடுத்த மாசமும் போச்சு. இப்பதான் யாரோ தோண்டிப் பாத்து, கில்சொப்ங்கிறவன் உயிரோடயே இல்லையேன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. அவ ஏமாந்துட்டாளா, புத்தி பேதலிச்சுப் போச்சான்னு எங்கிட்ட கேக்க வந்திருக்கீங்க.

ரெண்டும் இல்ல தம்பி. அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

கில்சொப் பாறை மேல உக்காந்து மீன் பிடிக்கிறத வீடியோ எடுத்துப் போடுவான். அதுலேருந்து குரலத் திருடி, மெஷின வச்சு அவன மாதிரியே பேச வச்சுட்டானுங்க ஏமாத்துக்காரனுங்க. ஆனா ஆள் செத்துட்டான்னு அந்தத் திருட்டுப் பசங்களுக்குத் தெரியல. அந்தக் குரல் எடுத்த எடுப்புல, அம்மா சாப்பிட்டியான்னு கேக்குமாம். கில்சொப் இருந்த வரைக்கும் ஒரு நாள் அப்படிக் கேட்டவன் இல்ல. செருப்பக் கழட்டும்போதே, சோறு எங்கேன்னு கத்துவான். அத வச்சே கண்டுபிடிச்சுட்டா.

தெரிஞ்சுமாடி அனுப்புறேன்னு நானும் சத்தம் போட்டேன். அவ சொன்னா, எல்லாரும் என்னப் பாத்தா அவன் போனதத்தான் நெனைக்கிறீங்க. இந்த உலகத்துல அவன் செத்தது தெரியாதவங்க அவங்க மட்டும்தான், அவங்ககூட நான் பேசிக்கிறேன்னா. அப்புறம் நான் ஜெபம்தான் பண்ணினேன்.

அவ பணம் அனுப்புறத நீங்க நிறுத்தினது தப்புன்னு சொல்லல. பணம் போகலேன்னா அது கூப்பிடாது, அவ்வளவுதான். விடியக்கால ஜெபத்துக்குக்கூட வரமாட்டேங்குறா, அந்நேரம் போன் அடிச்சுட்டா என்ன பண்றதுன்னு. போன மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. மறுபடியும் அவனப் பறிகொடுத்த மாதிரி இருக்கு அவ முகம்.

அந்தக் குரலயா? கேட்டிருக்கேன், ஆமா. ஒரு நாள் அவ வீட்டுல, அவ குளிக்கப் போயிருந்தப்ப போன் அடிச்சுது, நான் எடுத்தேன். அம்மான்னுச்சு. சளி பிடிச்ச மாதிரி ஒரு இழுப்பு இழுப்பான் கில்சொப், அது அப்படியே இருந்துச்சு. சாப்பிட்டியான்னுச்சு.

எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க தம்பி. ஒருத்தன் சியோல்ல, ஒருத்தன் கனடாவுல. தங்கமான பசங்க, வேலை நெருக்கடி. நான் ஒண்ணும் யோசிக்கல. சாப்பிட்டேன்ப்பா, நீ சாப்பிட்டியான்னேன். அப்புறம், இன்னொரு நம்பரும் குறிச்சுக்கோப்பான்னு என் நம்பரச் சொல்லிட்டேன்.

இப்ப எனக்கும் வருது. கில்சொப் குரல்லயேதான். அதனால என்ன.

நேத்து நான் அனுப்பின பணமும் சிவப்பு காட்டி நின்னுடுச்சு. என் பேரு பாங் புன்சுன்னு உங்க லிஸ்ட்டுல இருக்கும், பாருங்க. உங்க விதி எப்படியோ அப்படிச் செஞ்சுக்கோங்க. எங்க பெரியவனுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லிடாதீங்க தம்பி.