நான்கு உருண்டை, ஆறு பிணைப்பு: எங்கள் தண்ணீரம்மாவுக்கு ஆய்வகத்தின் பாராட்டு மடல்

வேதியியலை வேடிக்கையாக்கிய வித்தகரே! வெண்பாஸ்பரசைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டும் கைதேர்ந்தவரே! எங்கள் தண்ணீரம்மா, வணக்கம்!

வாழ்த்துக்கு முன், எங்களைப் பாடாய்ப்படுத்திய சிக்கல் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வெண்பாஸ்பரஸ் மூலக்கூறின் மாதிரியை உங்களுக்குப் பரிசளிப்பதென்று முடிவாயிற்று. நான்கு அணுக்கள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் பிடித்துக்கொண்டு நிற்கும் நான்முகி. நான்கு உருண்டை, ஆறு குச்சி, குழந்தை விளையாட்டுதானே என்று நினைத்தோம். ஆறாவது குச்சி சேரவே இல்லை. வம்படியாகச் செருகினால் அடுத்த பக்கம் பிடுங்கிக்கொண்டது. பசை போட்டோம். ஓர் உருண்டை தெறித்துத் துறைத்தலைவரின் தேநீரில் விழுந்தது. அவர் கோப்பையை எட்டிப் பார்த்து, "சர்க்கரை போதும்ப்பா" என்றார்.

உங்கள் பணிநிறைவு விழாவோ நெருங்கிவிட்டது, கையில் உதிரி உருண்டைகள்தாம். விடை அறிந்தவர் நீங்கள் ஒருவரே. உங்கள் பரிசைப் பற்றி உங்களிடமே எப்படிக் கேட்பது? மாணவர் ஒருவருக்குச் சந்தேகமாம் என்று பொய் சொல்லிப் பொருளறை அண்ணனை அனுப்பினோம்.

கேட்டதும் துள்ளி எழுந்து கரும்பலகைக்குப் போனீர்களாம். பாஸ்பரஸ் உருண்டையில் குச்சி செருகும் துளைகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ நூறு பாகை விரிந்திருக்கும். அதுதான் அந்த அணுவுக்கு வசதி. நான்முகியில் அது அறுபது பாகைக்குள் ஒடுங்க வேண்டும், இருவர் இருக்கையில் மூவர் உட்கார்ந்தாற்போல. அந்த நெருக்கடியால்தான் அதற்கு அத்தனை முன்கோபம்: காற்றுப்பட்டால் இருட்டில் ஒளிரும், சற்றே சூடேறினால் தானே பற்றிக்கொள்ளும். காற்றில்லாமல் சூடாக்கினால் ஒரு பிணைப்பு விடுபட்டு, பக்கத்து மூலக்கூறோடு கைகோத்துச் சங்கிலியாகி, சாதுவான சிவப்புப் பாஸ்பரசாகிவிடும். இத்தனையும் சொல்லி முடித்து, "குச்சி மேல கோவப்படாதீங்க. அது விறைப்பா நிக்குது, இந்தப் பிணைப்பு வளைஞ்சுதான் நிக்கும். வளையற மாதிரி எதையாவது போடுங்க" என்றீர்களாம்.

அண்ணன் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து உங்கள் குரல்: "அந்த மாணவரை டீயப் பாத்துக் குடிக்கச் சொல்லுங்க."

அம்மா! வெண்பாஸ்பரஸ் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்காமல் நீங்கள் ஒரு நாளும் நாற்காலியில் அமர்ந்ததில்லை. கேலி செய்தோம், தண்ணீரம்மா என்று பெயரும் வைத்தோம். ஆனால் உங்கள் பணிக்காலம் முழுவதிலும் இங்கே எந்தப் பிள்ளையின் விரலும் வெந்ததில்லை. நாளை முதல் அந்த ஜாடியை நாங்கள் பார்ப்போம். பார்த்த பிறகே உட்காருவோம்.

இனி உங்கள் நெருக்கடி தளரட்டும். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று சங்கிலி நீளட்டும். நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழுங்கள்! ஒளிர்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதோ உங்கள் பரிசு. குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆய்வகத்து ரப்பர் குழாயைச் சமமாக ஆறு துண்டுகள் நறுக்கி மாட்டினோம். குழாய்கள் வெளிப்பக்கமாக வளைந்து கொடுத்தன. நான்முகி மூடிக்கொண்டது. இதுவரை பிரியவில்லை.

என்றும் உங்கள்,
வேதியியல் ஆய்வகத்தினர்