செல்லப்பனின் நிற்காத கால்கள்

விளக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இது நம் மூர்த்தியின் சித்தப்பா செல்லப்பனுக்கு நடந்தது. பெரிய வெள்ளம் வடிந்து ஒரு மாதம் இருக்கும். மாலை ஆறரை மணி. மலாயாவில் சிகாமட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் செம்மண் சாலை... இரு பக்கமும் ரப்பர் மரம். ஒரே ஒரு மாட்டு வண்டி. அதில் செல்லப்பன் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் நிறைமாத மனைவி வெள்ளையம்மா.

அவர் கால்கள் மட்டும் அசைந்தன. இடது... வலது... இடது... வலது. அவர் அசைக்கவில்லை. பத்து நாளாக இதே கூத்து. பொழுது சாய்ந்து உடம்பைக் கிடத்தினால் போதும், ஆரம்பித்துவிடும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொய்னா மாத்திரை கொடுத்துப் பார்த்தார். பெக்கோக்கில் ஒரு மலாய் மந்திரவாதி, போமோ என்பார்கள், மந்திரித்து எலுமிச்சை அறுத்தார். இன்று சிகாமட் டாக்டர் முழங்காலைத் தட்டி, பாதத்தில் ஊசியால் குத்தி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லை என்றால் எப்படி? நோய்க்குப் பெயர் இருந்தால் வைத்தியம், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பக் கப்பல் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். நிறைமாதக்காரியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இவளை இங்கே தனியாக விட்டுவிட்டா போவது?

வண்டி ஓட்டிய மணியம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது நடுக்கம் இல்ல லா. குதிகாலு மொதல்ல, அப்புறம் விரலு... யாரோ நடக்கிறாங்க."

"வாய மூடிட்டு ஓட்டுடா."

"எடது காலு இழுக்குதுண்ணே. நம்ம அய்யாவு இப்படித்தானே நடப்பான்?"

அய்யாவு, செல்லப்பனோடு ஒரே கப்பலில் வந்த கூட்டாளி. வெள்ளத்தின்போது காய்ச்சலில் செத்தான். தண்ணீர் கூலிகள் குடியிருந்த லயத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. செல்லப்பன் ஒற்றை ஆளாகத் தூக்கிப்போய் மேட்டில் புதைத்துவிட்டு ஓடி வந்தார்.

வெள்ளையம்மா மெல்லக் கேட்டாள். "மாமா... அவரு கால் பெருவிரல கட்டுனீங்களா?"

பெருவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டாமல் யாராவது பிணத்தை எடுப்பார்களா? கட்டாவிட்டால் செத்தவன் எழுந்து நடப்பான் என்பார்களே.

"கட்டல புள்ள... தண்ணி வந்துருச்சு. நாளைக்கு மொத வேலையா போயி ஏதாச்சும் செஞ்சுட்டு வரேன்."

லயம் வந்து பாயில் படுத்தார். கால்கள் இன்னும் வேகமாக நடந்தன. பாய் சரக்... சரக்... என்றது. ஏழரை மணிக்கு, சட்டென்று நின்றன.

செல்லப்பன் அழுதேவிட்டார். "நின்னுருச்சு புள்ள! இனிமே கப்பல் இல்ல!"

வெள்ளையம்மாவும் சிரித்தாள். அப்புறம் மூக்கைச் சுளித்தாள். ஈர மண் வாசனை... வெளியே மரப்படி ஒருமுறை கிரீச்சென்றது. அதற்குமேல் சத்தமே இல்லை. அவள் கதவில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து புருஷன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விடிந்ததும் மணியம் வந்தான். படியில் இரண்டு சேற்றுக் காலடிகள், கதவைப் பார்த்தபடி. இடது காலடி மட்டும் கொஞ்சம் இழுபட்டிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வெள்ளையம்மா திறந்துவிட்டாள். புருஷன் அசந்து தூங்குகிறார், சத்தம் போடாதே என்றாள்.

மணியம் போர்வையை விலக்கினான். செல்லப்பன் சில்லிட்டுக் கிடந்தார். பெருவிரல் இரண்டையும் ஒரு ஈரத்துணியால் யாரோ சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.