தானா மாறுற பொட்டி

இல்லீங்க இன்ஜினியர் சார், மாட்டேன்னு சொல்லல. பேனாவக் குடுங்க, போட்டுடறேன். வேணும்னே எரிச்சேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வேணும்னேவ மட்டும் அடிச்சிடுங்க. ட்ரான்ஸ்பார்மருக்கும் எனக்கும் என்ன சார் பங்காளிச் சண்டையா? ரேடியோ, டிவி ரிப்பேர் பாத்துப் பொழைக்கிறவன். ஊருல கரண்டு இல்லன்னா மொதல்ல என் கடைக்குத்தான் ஈ ஓட்டுற வேல.

உக்காந்துக்கலாங்களா? சரிங்க, நின்னுக்கிட்டே சொல்றேன்.

பொட்டி என்ன பண்ணும்னுதான கேட்டீங்க. ரொம்ப சாதுவான பொட்டி சார். கம்பத்துல மூணு லைன் வருது, வூட்டுக்கு ஒண்ணுதான் குடுக்கறீங்க. நீங்க குடுத்த லைன்ல டிவியப் போட்டா படம் சுருங்கி ஆளெல்லாம் குள்ளமாத் தெரிவாங்க. பக்கத்து லைன்ல ஜம்முனு தெரியும். லைன மாத்தணும்னா ஸ்டூலப் போட்டு ஏறி ஃபியூஸ் கட்டையப் புடுங்கிச் சொருவணும். அய்யாக்கண்ணு வாத்தியாரு அப்படி ஏறித்தான் விழுந்து கால ஒடிச்சுக்கிட்டாரு. அவரு ஆண்டிமடம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பதான் எனக்கு இந்த யோசன வந்துச்சு. உள்ள ஒரு ஐ.சி. இருக்கு சார், வெரல் நீளந்தான். திருச்சி ஃபேக்டரியில இருக்கான் எம் மச்சினன் பாக்கியராஜு, அவன் அதுக்குள்ள புத்திய ஏத்தி அனுப்புவான். இருக்குற லைன்ல ஓல்டேஜ் எறங்குச்சின்னா ரெண்டு செகண்டு பொறுத்துப் பாக்கும். அப்புறம் டக்குனு நல்ல லைனுக்குத் தாவிடும். ஸ்டூலும் வேணாம், ஆளும் வேணாம்.

மூணு லைனும் வூட்டுக்குள்ள எப்படி வந்துச்சா? அது வந்து... நம்ம லைன்மேன் தர்மண்ணன் ஒரு ஒத்தாசைக்கு... ஐயோ, பேர எழுதாதீங்க சார். எழுதிட்டீங்களா? சரி விடுங்க.

நானா யாருகிட்டயும் போயி வாங்குங்கன்னு சொல்லல. இன்னொரு ட்ரான்ஸ்பார்மர் வேணும்னு ஊரே கையெழுத்துப் போட்டு மூணு மனு குடுத்தோம். நீங்க மீட்டர வச்சுப் பாத்துட்டு, ஓல்டேஜ் திருப்தின்னு மூணையும் திருப்பி அனுப்பிட்டீங்க. சனங்க பாத்துச்சு, இனிமே சவரியார்தான் கதின்னு என் கடையில வந்து நின்னுட்டாங்க. எங்க தெரு ராசாங்கம் ஒண்ணு வாங்கி மாட்டுனாரு. அவரு மாட்டுனா எதுத்த வூட்டுக் கொளஞ்சியம்மா சும்மா இருக்குமா? அந்தம்மா வூட்டுல டிவியே கெடையாது சார், ஒத்தக் குண்டு பல்பு. அதுக்கும் ஒரு பொட்டி.

போன வெள்ளிக்கெழம என்னாச்சுன்னா, சாயங்காலம் டிவியில சினிமாப் பாட்டு போட்டான். ஒரே நேரத்துல எல்லா வூட்டுலயும் டிவி. மொத லைன் எறங்குச்சு. ரெண்டு செகண்டு. தெருவுல இருக்குற அத்தன பொட்டியும் ஒண்ணாச் சேந்து ரெண்டாவது லைனுக்குத் தாவுச்சு. அம்புட்டுப் பேரும் ஏறுனா அது தாங்குமா? அதுவும் எறங்குச்சு. மறுபடி ரெண்டு செகண்டு. மூணாவதுக்கு ஓடுச்சு. அங்கேருந்து திரும்ப மொதலுக்கு. டக்கு, டக்குன்னு தெரு பூரா ஒரே சத்தம். வெளக்கெல்லாம் மங்கி மங்கி எரியுது. மாதா தேருக்கு சீரியல் செட்டு போட்ட மாரி இருந்துச்சு சார். கொழந்தைங்க கை தட்டுச்சுங்க. பஞ்சவர்ணம் வூட்டுல பாட்டு வரிக்கு ஒரு தடவ நின்னு நின்னு வந்துச்சாம். நான் தெருவுல எறங்கி, நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்துறேன். இன்னும் ரெண்டு பாட்டுதான் அண்ணேங்குறாங்க. அப்பதான் கம்பத்துப் பக்கம் டம்முன்னுச்சு.

எல்லாத்துக்கும் ஒரே புத்தி சார். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். ஒண்ணு ரெண்டு செகண்டு, இன்னொண்ணு அஞ்சு செகண்டுன்னு ஆளுக்கு ஒரு விதமா வச்சிருந்தா, நாலு தாவியிருக்கும், மத்தது நின்னிருக்கும். மூணு நாளா இதே நெனப்புதான். மரிய புஷ்பம், எஞ் சம்சாரம், சோறே எறங்காம கெடக்குறா. போலீஸ் கேசுன்னா கடைக்குச் சீல் வச்சிடுவாங்களாமே? எனக்கும் பயமாத்தான் இருக்கு சார், பொய் சொல்லல.

குடுங்க, போட்டுடறேன். எங்க, இங்கதானுங்களா?

பத்தொம்பது பொட்டின்னு எழுதியிருக்கு. அத இருபதுன்னு திருத்திடுங்க. கொறச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போக முடியாது. இருபதாவது எந்த வூடுன்னா கேக்கறீங்க? வூடு இல்லீங்க. அதுதான் மொதப் பொட்டியே. உங்களுக்கு முன்னாடி இருந்த சாரு, ஃபேன் சுத்த மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, காசு வாங்காம மாட்டிக் குடுத்தேன். உங்க நாற்காலிக்குப் பின்னாடி அந்த பீரோ இருக்கு பாருங்க, அதுக்கு மேலதான். பைலெல்லாம் போட்டு மூடிக் கெடக்கு. எந்த லைன் நல்லாருக்கோ அதத்தான் இந்த ரூமுக்கு எடுத்துக் குடுக்கும். நீங்க மூணு மனுவுக்கும் மீட்டர வச்சுப் பாத்தது இந்த ரூம் ப்ளக்குலதான்னு தர்மண்ணன் சொன்னாரு.

திருப்தியாத்தான் சார் இருந்திருக்கும்.