முற்றுப்புள்ளிக்கு ஒரு மடக்கு

ஹலோ... ஹலோ, நான்தான்... வேற யாரு, உன் ஓர்ப்படிதான்... இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அடுப்புல ஏதாவது இருந்தா அணைச்சிட்டு வந்து உக்காரு... அணைச்சாச்சா? சரி.

எங்க சின்னு மாடல் பரீட்சை எழுதினா இல்ல, இங்கிலீஷ்... ஆமா ஆமா, நல்லாத்தான் எழுதியிருக்கா. ஒரு கமா விடல, ஒரு ஃபுல்ஸ்டாப் விடல. பக்கம் முழுக்க ஒரே வாக்கியமா இழுத்துட்டுப் போறவ... அதத்தானே சொல்ல வரேன், குறுக்க பேசாத.

ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும், "இங்கிலீஷ் டீச்சர் பொண்ணுன்னா சும்மாவா"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல... ஆமா, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு சொன்னேன். சொல்லாம? இத்தனை வருஷமா அவ எழுதினதுல எல்லாம் சிவப்பு வட்டம் போட்டது யாரு, நீயா?... சரி, கேளு.

அப்பதான் பரீட்சை ஹால்ல காவலுக்கு நின்ன கணக்கு சார் வரார். "டீச்சர், உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா? ஒரு வாக்கியம் எழுதறா, ஒரு மடக்குத் தண்ணி குடிக்கறா. அவ பாட்டில் காலி, பக்கத்துப் பிள்ளை பாட்டிலும் காலி. அப்புறம் பாத்ரூம் பாத்ரூம்னு ஓட்டம்"... சிரிக்காத. சிரிக்காதன்னேன். கேள்விக்குறி வந்தா புருவத்தைத் தூக்கணுமாமே? எதிர்ல நின்ன அந்த மனுஷனப் பார்த்தே தூக்கியிருக்கா. அவர் வெலவெலத்துப் போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து பிடிச்சு உலுக்கினேன். "சித்திதாம்மா சொல்லிக்கொடுத்தாங்க. வாக்கியம் முடிஞ்சா வாயை மூடணும், தண்ணி குடிச்சா தானா மூடும்"கறா... தெரியுது, அது உன் எல்கேஜி பிள்ளைங்களுக்குச் சொல்ற வித்தை. வீட்டுல பழகத்தான் சொன்னே, ஹால்ல குடிக்கச் சொல்லல. அதுவும் தெரியுது.

எத்தனை நாளா நடக்குது இது?... அவங்கப்பா போனோட மாடிக்குத் துணி எடுக்கப் போவாளே, அப்ப உனக்குப் பேசித்தானா?... தினமுமா?... நான் கீழ அவளுக்காகக் கேள்வித்தாள் தயார் பண்ணிட்டு உக்காந்திருப்பேன்... ஆமா, வயித்தெரிச்சல்தான். வாய்விட்டே சொல்றேன், எரியுது. கைக்குழந்தையா இருந்தப்பவே உன் தோள்லதான் தூங்குவா. அப்பவும் எரிஞ்சுது. இங்கிலீஷாவது என்னோடதா இருக்கும்னு நினைச்சேன், அதையும் நீ தட்டிட்டுப் போயிட்ட.

கேட்டுக்கோ, திங்கக்கிழமை பொதுத்தேர்வு. அதுவரைக்கும் நீ அவகிட்ட பேச வேண்டாம்... அக்கா அக்கான்னு குழையாத. என் பொண்ண எனக்குப் பார்த்துக்கத் தெரியும்...

என்ன?... அவளே சொன்னாளா?... முழுங்காம சொல்லு... ம்... நான் பக்கத்துல வந்தாலே கை ஓடலையாமா... சிவப்புப் பேனா மூடியத் திறக்கற சத்தம் கேட்டாலேவா... ம்.

உன்கிட்ட அழுதாளா?... ம்... என்கிட்ட அழுது ரொம்ப நாளாச்சு.

சரி... திங்கக்கிழமை நீயே கூட்டிட்டுப் போ... ஆமா, மனசாரத்தான்... இல்ல, மனசார இல்ல. இருந்தாலும் சொல்றேன், கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு. வெளிய வந்ததும் எப்படி எழுதினேன்னு நீ கேக்கக் கூடாது. அவளா ஆரம்பிச்சாலும் வீட்டுக்குப் போய் பேசலாம்னுடு. நான் வாசல்லயே நிப்பேன். முதல்ல என்கிட்டதான் சொல்லணும்... அதுகூட விட்டுக்கொடுக்க மாட்டியா?... சத்தியமா?... சரி.

இரு, அவ வரா... அவங்கப்பா போனைக் கையில வெச்சுக்கிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறா... என்னடி?... ஓ...

இல்ல, ஒண்ணுமில்ல. யாருக்கோ எவ்வளவு நேரமா அடிச்சாலும் லைன் பிஸியாவே இருக்காம்... உனக்குத்தான், வேற யாருக்கு?

நான் வெச்சிடறேன். நீ உடனே அவளக் கூப்பிடு... எனக்குக் கோபம் இல்லன்னு சொல்லு. நீதான் சொல்லணும், நான் சொன்னா நம்ப மாட்டா... ம், வைக்கறேன்.